ஐந்து நூல்கள், ஒரு சாட்சி: மட்டக்களப்பு வரலாற்று நூல்களைச் சரிபார்த்து வாசிக்கும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றிய நூல்களைத் தேடி வாசிக்கும் ஒருவர், நாலைந்து நூல்களைக் கடந்ததும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சந்திக்கத் தொடங்குவார். மண்முனையில் உலகநாச்சி அரசு அமைத்த கதையும், கலிங்க மாகோன் கோயில்களுக்கு நடைமுறை வகுத்த கதையும், தாய்வழிக் குலங்களான குடிகள் பிரிக்கப்பட்ட கதையும் ஒவ்வொரு நூலிலும் ஏறத்தாழ அதே சொற்களில் வரும். இத்தனை நூல்கள் சொல்வதால் செய்தி உறுதியானது என்று மனம் எளிதில் முடிவு கட்டிவிடும். அந்த நூல்களின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால், பெரும்பாலும் எல்லாம் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் அச்சான மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய ஏட்டுத் தொகுப்பில் வந்து நின்றுவிடும். நூல்கள் ஐந்தாக இருக்கலாம், சாட்சி ஒன்றுதான். எத்தனை நூல்கள் சொல்கின்றன என்பதை விட்டுவிட்டு, எத்தனை சாட்சிகள் சொல்கின்றன என்று கேட்டு வாசிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பட்டப்படிப்புக்கு ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்கும், கும்பாபிஷேக மலருக்கோ பாடசாலை நூற்றாண்டு மலருக்கோ ஊர் வரலாறு எழுதித் தரும்படி கேட்கப்பட்டவருக்கும் இது கூடுதலாகப் பயன்படும். ஒரு நூல், ஒரு பென்சில், ஒரு கொப்பி ஆகியவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

முதல் அரை மணித்தியாலம்

நூலைக் கையில் எடுத்தவுடன் முதலாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டாம். நம் பதிப்பு வழக்கத்தில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று முன்பக்கங்கள் நீண்டுகொண்டே போகும். அவற்றை மனச்சான்றின் உறுத்தலின்றிக் கடந்துவிடலாம். ஆசிரியர் தாமே எழுதிய முன்னுரையை மட்டும் பென்சிலோடு வாசியுங்கள். அதிலிருந்து மூன்று காலங்களைக் கண்டுபிடித்துக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுத வேண்டும்: நூல் பேசும் நிகழ்வுகளின் காலம், அவை பற்றிய தகவல் திரட்டப்பட்ட காலம், நூல் அச்சான காலம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே நூலை எப்படி வாசிப்பது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே கிழக்குக் கரையின் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பற்றி எழுதிய பெருநூல் 2008இல் வெளிவந்தது. ஆனால் அதன் அடித்தளமான களப்பணியை அவர் அக்கரைப்பற்றில் 1969 அளவில் தொடங்கினார். போர்க்காலத்திலும் பின்னரும் திரும்பி வந்து பார்த்தார். ஆகவே அந்த நூலில் ஒரு திருமண வழக்கமோ கோயில் உரிமையோ விவரிக்கப்படும்போது, அது எந்த வருகையில் கண்டது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு நூலில் இருப்பதெல்லாம் 2008இன் அக்கரைப்பற்று அல்ல. மான்மியத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அரசர்களைப் பற்றிய செய்திகள், பின்னாளில் ஏடுகளில் தொகுக்கப்பட்டு, 1962இல் அச்சேறின. இடையில் எத்தனை கைகள் எழுதின, எத்தனை கைகள் சேர்த்தன என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதத்துக்குரியது.

அடுத்து, நூலின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். உசாத்துணைப் பட்டியலில் தமிழ் நூல்கள் மட்டும் இருக்கின்றனவா, ஆங்கில நூல்கள் மட்டும் இருக்கின்றனவா, ஆவணக் காப்பக ஏடுகள் உண்டா, முஸ்லிம் ஆசிரியர்கள் எழுதிய நூல்கள் உண்டா என்று பாருங்கள். முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனையையும் சம்மாந்துறையையும் காத்தான்குடியையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவிட்டு, அவ்வூர்களில் பிறந்த ஒருவரின் எழுத்தைக்கூடப் பட்டியலில் சேர்க்காத நூல்கள் உண்டு. தமிழ்க் கிராமங்களைப் பற்றி அதே விதமாக எழுதப்பட்ட நூல்களும் உண்டு. அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எந்தக் கரையில் நின்று எழுதப்பட்டது என்பதை முதற்பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும். பொருளடைவு இல்லாத தமிழ் நூல்களே கூடுதல் என்பதால், ஊர்ப்பெயர், ஆட்பெயர், கோயிற்பெயர் ஆகியவற்றுக்கு நீங்களே கொப்பியின் பின்பக்கத்தில் ஓர் அடைவை வாசித்துக்கொண்டே தயாரித்துவிடுங்கள். இரண்டாவது நூலுக்கு வரும்போது இதன் அருமை தெரியும்.

எந்த மட்டக்களப்பு?

இந்தப் பிரதேசத்து நூல்களில் புதிய வாசகர் தடுமாறும் இடம் எல்லை. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட நூலிலும், அதற்கு முந்திய அரசாங்க அறிக்கைகளிலும் மட்டக்களப்பு மாவட்டம் என்பது இன்றைய அம்பாறையையும் உள்ளடக்கியது. வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல், அதாவது பிரிப்புக்குப் பிறகு வெளிவந்தாலும், இன்றைய அம்பாறையிலுள்ள காரைதீவும் திருக்கோவிலும் இல்லாமல் அந்த நூல் இல்லை. அவர் எழுதியது பண்பாட்டு மட்டக்களப்பைப் பற்றி, கச்சேரியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், மட்டக்களப்பைப் பற்றியல்ல. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை மட்டக்களப்பார் என்று பழைய நூலும், அம்பாறை மாவட்டத்தவர் என்று புதிய நூலும் சொன்னால் இரண்டும் சரியே.

குடிசன மதிப்பீட்டு எண்களுக்கு வரும்போது இது இடக்காகிவிடும். 1961க்கு முந்திய மட்டக்களப்பு மாவட்ட எண்ணையும் பிந்திய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் இனத்தின் விகிதம் கூடியது அல்லது குறைந்தது என்று வாதிடும் பந்திகளைக் கண்டால், மாவட்ட எல்லை ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: 1991இல் எடுக்கப்பட வேண்டிய குடிசன மதிப்பீடு நாட்டில் எடுக்கப்படவேயில்லை, 2001இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் அது முழுமையாக நடைபெறவில்லை. எனவே 1981க்கும் 2012க்கும் இடையில் இம்மாவட்டத்துக்கு ஒரு துல்லியமான மக்கள்தொகை எண்ணைத் தரும் நூல், அந்த எண்ணை எங்கிருந்து பெற்றது என்று சொல்லாவிட்டால், அதை மதிப்பீடு என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூற்றைப் பின்தொடர்ந்து இறங்குதல்

இம்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு நூலிலுள்ள எல்லாக் கூற்றுகளையும் சரிபார்க்க எவராலும் முடியாது; ஒரே ஒரு கூற்றை எடுத்து அடிவரை இறங்குங்கள். நெல் மூடையைக் கொள்முதல் செய்பவர் குத்தூசி போட்டு ஒரு பிடியை எடுத்துப் பார்ப்பதைப் போன்றதுதான் இது: அந்தப் பிடி எப்படியோ மூடையும் அப்படி.

உலகநாச்சி கதையையே எடுத்துக்கொள்வோம். கலிங்க நாட்டு அரசகுலப் பெண் ஒருத்தி புத்தரின் தசனத்தை, அதாவது புனிதப் பல்லை, இலங்கைக்குக் கொண்டுவந்து மேகவண்ணன் என்ற அரசனிடம் கொடுத்தாள் என்றும், அதற்குக் கைம்மாறாக மண்முனைப் பகுதியைப் பெற்றாள் என்றும் பல நூல்கள் கூறும். கொப்பியில் இதை ஒரே வசனமாக எழுதாமல் துண்டு துண்டாக உடைத்து எழுதுங்கள். ஒரு பெண் தசனத்தைக் கொண்டுவந்தாள் என்பது ஒரு துண்டு. அவள் கலிங்கத்திலிருந்து வந்தாள் என்பது இன்னொன்று. அப்போது ஆண்டவன் மேகவண்ணன் என்பது மூன்றாவது. அவளுக்கு மண்முனை கிடைத்தது என்பது நான்காவது. இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் சாட்சி தேடுங்கள். முதல் மூன்றும் பாளி இலக்கியத்தில் உள்ளன. மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம், 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட கீர்த்தி சிறிமேகவண்ணன் காலத்தில் கலிங்கத்திலிருந்து ஒரு பெண் தசனத்தைக் கொண்டுவந்ததைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட தாதாவம்சம் அவளை ஹேமமாலா என்ற அரசகுமாரியாகக் காட்டுகிறது. நான்காவது துண்டை மட்டும் மான்மிய மரபே சொல்கிறது.

இங்கே அவசரப்படக் கூடாது. முதல் மூன்று துண்டுகளுக்கு இரண்டு மரபுகளின் சாட்சி இருக்கிறது என்று மகிழும் முன், அவை ஒன்றையொன்று அறியாத சாட்சிகளா என்று கேட்க வேண்டும். தசனத்தின் கதை இலங்கையெங்கும் பரவலாகத் தெரிந்த கதை. ஏட்டைத் தொகுத்தவர்கள் அதைக் கேள்விப்பட்டு, தம் பிரதேசத்து அரசியின் கதையோடு இணைத்திருக்கக்கூடும். அப்படியானால் இரண்டு சாட்சிகள் ஒன்றாகிவிடும். மறுபுறம், நான்காவது துண்டுக்கு ஒரே சாட்சி என்பதால் அது பொய் என்றும் ஆகிவிடாது. மண்முனையில் நிலவுரிமை பெற்ற ஒரு குலம், தன் உரிமைக்கு இத்தகைய பழைய பிறப்பிடத்தைச் சொல்ல வேண்டிய தேவை எப்போது, எவரோடு ஏற்பட்டது என்று கேட்டால், அந்தத் துண்டு 4ஆம் நூற்றாண்டைவிட ஏடு தொகுக்கப்பட்ட காலத்தைப் பற்றிப் பலவற்றைச் சொல்லத் தொடங்கும். என் அபிப்பிராயத்தில் மான்மியத்தின் பெருமதிப்பு இதில்தான் இருக்கிறது. அதை அரசர் பட்டியலாக மட்டும் வாசிப்பவர்கள் அதற்கு அநீதி செய்கிறார்கள்.

மாகோன் பற்றிய செய்தி வேறு விதமானது. கலிங்க மாகன் 1215இல் பொலன்னறுவையைக் கைப்பற்றியதைச் சூளவம்சம் கடும் வெறுப்போடு கூறுகிறது. மட்டக்களப்பு மரபோ அவனையே மாகோன் என்ற பெயரில் கோயில்களுக்கும் குடிகளுக்கும் ஒழுங்கு வகுத்தவனாகப் போற்றுகிறது. பகைமையான இரண்டு தரப்புகள் ஒரே ஆளைப் பற்றிப் பேசும்போது, இரண்டும் ஒத்துப்போகும் இடம் உறுதியானது. மாகன் என்றொருவன் வந்தான், வென்றான், ஆண்டான் என்பது அவ்வாறு உறுதிப்படுகிறது. கொக்கட்டிச்சோலை, திருக்கோவில் ஆகிய ஊர்களின் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை என்பதை அவனே வகுத்தான் என்பது ஒரு தரப்பின் சாட்சியாகவே நிற்கிறது. உங்கள் கட்டுரையில் முதலாவதை "ஆண்டான்" என்றும், இரண்டாவதை "வகுத்தான் என்று மான்மியம் கூறுகிறது" என்றும் எழுதினால், வேலை முறையாக முடிந்தது.

ஆண்டுக்கணக்கையும் கவனியுங்கள். பழைய ஏடுகளில் வரும் கழிந்த கலியாண்டிலிருந்து 3101ஐக் கழித்தாலும், சக ஆண்டோடு 78ஐக் கூட்டினாலும் ஏறத்தாழக் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்கும். நூலாசிரியர் தந்த மாற்றத்தை நம்பாமல் நீங்களே ஒருமுறை கழித்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வந்த சாட்சிகள்

மான்மியத்தை அறியாத வெளிநாட்டுச் சாட்சிகள் ஐரோப்பியர் வருகைக்குப் பின் கிடைக்கத் தொடங்குகின்றன. ஒல்லாந்தக் கப்பற்தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே மாதம் மட்டக்களப்புக் கரையில் இறங்கி, இங்கிருந்துதான் கண்டி அரசனைக் காணப் போனார். புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். இவர்களின் குறிப்புகளில் உள்ளூர்த் தலைவர்கள், நெல், பாதை, வரி ஆகியவை வருகின்றன. ஆங்கிலேயர் காலத்தில், கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் முக்குவர் சமூகத்தின் வழக்கச் சட்டமான முக்குவர் சட்டத்தைத் தொகுத்து அச்சிட்டார். சொத்து தாய்வழியில் இறங்கிய முறையை நீதிமன்றத்தின் கண்ணால் பார்க்க அது உதவும்.

இவை சுதந்திரமான சாட்சிகள். நடுநிலைச் சாட்சிகள் என்று எடுத்துவிட வேண்டாம். கப்பற்தலைவருக்கு வணிகமும் துணைப்படையும் வேண்டியிருந்தன. அரசாங்க அதிபருக்கு வரி வேண்டியிருந்தது. சட்டத் தொகுப்பாளருக்கு, ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங்களை ஒரே விதியாக்கும் தேவை இருந்தது. அச்சில் சட்டமாகிவிட்ட வழக்கம், வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையின் கிராமம் ஒன்றில் நடைமுறையில் வேறாக இருந்திருக்கலாம். மக்கில்வ்ரேயின் அக்கரைப்பற்று விவரணைகளைப் பிரிட்டோவின் விதிகளுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். குடி தாய்வழியில் வருவதும், வீடும் வயலும் சீதனமாகப் பெண்ணுக்குப் போவதும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவாக இருப்பதை அங்கே காணலாம். அதே நேரம் கோயில் நிர்வாகியான வண்ணக்கரும் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயரும் ஆண்களே என்பதையும் காணலாம். தாய்வழி என்றதும் பெண்களின் ஆட்சி என்று எழுதிவிடும் மலர்க்கட்டுரைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

பெரியவர்களிடம் கேட்பது

ஊரில் கேட்டுச் சரிபார்க்கலாமே என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மான்மியம் அச்சாகி இரண்டு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. இன்று ஒரு வண்ணக்கரோ பெருநிலக்காரரான போடியாரோ சொல்லும் வரலாறு, அவர் பாட்டனாரிடம் கேட்டதா, அச்சுநூலில் வாசித்ததா, வாசித்த ஒருவர் கோயில் மேடையில் பேசியதைக் கேட்டதா என்பது அவருக்கே பிரித்தறிய முடியாத நிலையில் இருக்கலாம். ஆகவே அரசர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அவருக்கு நேரடியாகத் தெரிந்தவற்றைக் கேளுங்கள்: கண்ணகி அம்மன் கோயிலின் குளிர்த்திச் சடங்கில் எந்தக் குடிக்கு எந்தப் பொறுப்பு, அது அவர் காலத்தில் எப்போதாவது மாறியதா, தகராறு வந்ததா, எப்படித் தீர்ந்தது. தகராறுகளில்தான் வரலாறு வெளியே வருகிறது. மண்டூர் முருகன் கோயிலைப் பற்றி மார்க் விற்றேக்கர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கோயிலின் வரலாற்றை வெவ்வேறு தரப்பினர் தத்தம் உரிமைக்கு ஏற்ப வெவ்வேறாகச் சொல்வதையே ஆய்வுப் பொருளாக்கியது. எந்தக் கதை சரி என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், எந்தக் கதையை எவர் எப்போது சொல்கிறார் என்று குறித்துக்கொள்வது எவ்வளவு பயனுள்ளது என்பதை அந்த நூலில் காணலாம்.

எவரிடம் கேட்டாலும் ஊர், வயது, திகதி ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியிலும் 2004 டிசம்பர்க் கடற்கோளிலும் வீட்டுப் பெட்டிகளில் இருந்த பழைய தாள்களை இழந்த பிரதேசம் இது. காணி உறுதியோ, ஏடோ, கணக்குப் புத்தகமோ எவரிடமாவது மிஞ்சியிருந்தால், அதை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே படம்பிடித்துக்கொள்ளுங்கள்.

அரசியல் நூல்களுக்கு ஒரு தனி ஒழுங்கு

கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம், 1956 கலவரம், 1990இன் படுகொலைகள் போன்றவற்றைப் பற்றிய நூல்களை வாசிக்கும்போது கொப்பியின் பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதலாவதில் நிகழ்வு, இரண்டாவதில் எண்ணிக்கை, மூன்றாவதில் ஆசிரியர் அதற்குத் தரும் காரணம். உணர்ச்சி கூடிய பந்தியில் இந்த மூன்றும் ஒரே வசனத்துக்குள் கலந்து கிடக்கும். பிரித்தெழுதினால்தான் எது சாட்சியத்தால் நிற்கிறது, எது வாதத்தால் நிற்கிறது என்று தெரியும். பின்னர் அதே நிகழ்வைப் பற்றி மற்றச் சமூகத்தவர் எழுதிய ஒரு நூலை எடுத்து அதே நிரல்களை நிரப்புங்கள். முஸ்லிம்கள் கொல்லப்பட்ட 1990 ஓகஸ்ட் மாதக் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையைப் பற்றி மட்டும் வாசித்தவரும், தமிழர்கள் கொல்லப்பட்ட செப்டெம்பர் மாதச் சத்துருக்கொண்டான் படுகொலையைப் பற்றி மட்டும் வாசித்தவரும் அந்த ஆண்டைப் புரிந்துகொண்டவர்களாக மாட்டார்கள். இரண்டாம் நூலில் முதல் நூலின் நிகழ்வு இடம்பெறவேயில்லை என்றால், அந்த வெற்று நிரலையும் அப்படியே விட்டுவையுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

கல்லோயாவில் எண்ணிக்கை நிரலுக்குக் கூடுதல் கவனம் தேவை. 1949இல் அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டுத் தொடங்கிய திட்டத்தின் குடியேற்றங்களை ஒரு நூல் குடும்பங்களாகவும், இன்னொன்று ஏக்கர்களாகவும், வேறொன்று மாவட்ட விகிதமாகவும் கணக்கிடும். அலகு வேறானால் ஒப்பிட முடியாது.

ஓர் ஆசிரியரின் கருத்தை மேற்கோள் காட்டுமுன் அவரின் பிந்திய நூலையும் பார்த்துவிடுங்கள். பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் இலண்டனில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இலங்கைத் தமிழர் குடியிருப்புகளைப் பற்றிக் கொண்டிருந்த நிலைப்பாட்டை, 2005இல் வெளியிட்ட நூலில் வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார். இடையில் கிடைத்த தொல்லியல் சான்றுகளும் இனத்துவம் பற்றிய புதிய சிந்தனையும் அதற்குக் காரணமாயின. பழைய ஆய்வேட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் பெயரால் வாதிடுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

நூல்கள் கிடைக்கும் இடம்

பொது நூலகத்தில் வரலாற்று இறாக்கையோடு நின்றுவிட வேண்டாம். நூலகங்கள் நூல்களை அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் இலங்கை வரலாறு 954.93இல் இருக்கும், ஆனால் குடி, சாதி, சமூகம் பற்றியவை 305இலும், சடங்கும் நாட்டுப்பாடலும் 390 முதல் 398 வரையிலும், கூத்து 792இலும், சைவம் 294.5இலும், இஸ்லாம் 297இலும் சிதறிக் கிடக்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வெளி வாசகருக்கு என்ன ஒழுங்கு என்பதை நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. அச்சில் கிடைக்காத பழைய ஈழத்து நூல்களுக்கும் மலர்களுக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை இணையத்தில் தேடுங்கள். ஊர்ப்பெயரை இரண்டு மூன்று எழுத்து வடிவங்களில் இட்டுத் தேடினால்தான் எல்லாம் அகப்படும்.

ஆங்கில நூல்கள் பலருக்கு மலைப்பாக இருக்கும். முழு நூலையும் எடுக்காமல், உங்கள் ஊர் வரும் ஒரு அத்தியாயத்தை மட்டும் பிரதி எடுத்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு நாலைந்து பேர் அமர்ந்து வாசியுங்கள். அந்த நாலைந்து பேரில் ஒருவர் காத்தான்குடியிலிருந்தோ சம்மாந்துறையிலிருந்தோ வந்தால், அல்லது அங்கே நடக்கும் வாசிப்புக்கு ஒருவர் ஆரையம்பதியிலிருந்தோ காரைதீவிலிருந்தோ போனால், அடிக்குறிப்பில் அகப்படாத பிழைகள் அங்கேயே அகப்படும். கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நம்பி வாசிப்பதானால், குடிப்பெயர், சடங்குப்பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றை முதலில் கையால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பில் அவை என்னவாயின என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே கொப்பியில் சேருங்கள்.